கொரியாவின் பழைய வரலாறு ஆங்கிலத்தில் எவ்வளவு கிடைக்கிறது?

1404-ஆம் ஆண்டு, கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்தின் அரசர் தேஜோங் மான் வேட்டைக்குப் போனார். குதிரையை விரட்டிக்கொண்டே அம்பு எய்தபோது குதிரை இடறியது, அவர் கீழே விழுந்தார். அடி ஒன்றும் படவில்லை. எழுந்ததும் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “வரலாறு எழுதுபவருக்கு இது தெரியக் கூடாது” என்றார். அவர் விழுந்தது, அப்படிச் சொன்னது, இரண்டுமே அரசவை ஏட்டில் பதிவாகிவிட்டன.

அந்த ஏட்டுத் தொகுப்புக்குச் சில்லோக் என்று பெயர். 1392 முதல் 1863 வரை 472 ஆண்டுகள், 25 அரசர்கள், 1,893 பாகங்கள், சுமார் 5 கோடி எழுத்துகள். யுனெஸ்கோ இதை 1997-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இத்தனை பெரிய தொகுப்பிலிருந்து ஓர் அரசரின் ஆட்சிக்காலம் ஆங்கிலத்தில் நூலாக வந்தது 2014-இல்தான். ஜோசனை நிறுவிய தேஜோவின் 15 பாகங்களைச் சே பியோங்ஹியோன் மொழிபெயர்க்க, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது.

கொரியாவின் பழைய வரலாற்றை ஆங்கிலம் வழியாகப் படிக்க விரும்பும் எவரும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய நிலைமை இதுதான். மூலங்கள் ஏராளம், ஆங்கிலத்துக்கு வந்தவை கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் உழைப்பு. ஆகவே நாம் படிக்கும் ஜோசன், பெரும்பாலும் அவர்கள் சிலர் கேட்ட கேள்விகளின் வழியே நமக்குத் தெரியும் ஜோசன். யார், எதைக் கேட்டார்கள் என்று தெரிந்துகொண்டு படித்தால் அதே புத்தகம் இரண்டு மடங்கு பயன் தரும்.

எந்தக் காலம், எந்த மூலங்கள்

பழைய வரலாறு என்று இங்கே சொல்வது, 1876-இல் ஜப்பான் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கிய கங்ஹுவா உடன்படிக்கைக்கு முந்தைய காலத்தை. கோகுர்யோ, பெக்ஜே, சில்லா என்ற மூன்று அரசுகள். தெற்கில் கயா சிற்றரசுகள். 660-இல் பெக்ஜேயும் 668-இல் கோகுர்யோவும் வீழ்ந்தபின் சில்லா தனித்து நின்றது. வடக்கில் பல்ஹே எழுந்தது. 918-இல் கொர்யோ, 1392-இல் ஜோசன். கொரியா என்று உலகம் அழைப்பது கொர்யோவின் பெயரைத்தான்.

இந்தக் காலத்து அரசு ஆவணங்கள் அனேகமாக எல்லாமே செம்மொழிச் சீனத்தில் எழுதப்பட்டவை. கொரிய மொழிக்கென உருவான ஹங்குல் எழுத்து 1446-இல் அறிவிக்கப்பட்ட பின்னும் அரசவை சீன எழுத்திலேயே எழுதியது. செம்மொழிச் சீனத்தைத் தனியே கற்காவிட்டால், இன்று சியோலில் வாழும் படித்தவராலும் சில்லோக்கை மூலத்தில் படிக்க முடியாது. தென்கொரியா அதை இன்றைய கொரிய மொழிக்கு முழுமையாகப் பெயர்த்து முடித்தது 1993-இல்; வடகொரியா தனியே ஒரு மொழிபெயர்ப்பைச் செய்தது.

ஆங்கிலத்தில் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கான விடையில் பாதி இங்கே இருக்கிறது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு மாணவர் இந்தத் துறைக்கு வந்தால், முதலில் இன்றைய கொரிய மொழி, பிறகு செம்மொழிச் சீனம், அதன் பிறகு ஜப்பானியம் கற்க வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஜப்பானியத்தில் இருக்கின்றன. இதற்கே பல ஆண்டுகள் போய்விடும். அப்புறம் வேலை. பல பல்கலைக்கழகங்களில் கொரிய வரலாற்றுக்கு இருப்பது ஒரே ஓர் இடம். மாணவர்கள் கேட்பது கொரியப் போரையும் வடகொரியாவையும் சினிமாவையும். 12-ஆம் நூற்றாண்டு படித்தவருக்கு அந்த இடம் கிடைப்பது கடினம். இத்தனையும் தெரிந்தே இந்த வழியில் வந்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

தொடக்கம்

கொரியாவில் வாழ்ந்த ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் பெரிய குறிப்பு ஹென்ட்ரிக் ஹாமெல் எழுதியது. 1653-இல் ஜெஜு தீவில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய டச்சுக்காரர் அவர். 13 ஆண்டுகள் வெளியேற விடாமல் வைக்கப்பட்டு, 1666-இல் தப்பிப் போனார்.

ஆங்கிலத்தில் கொரிய வரலாற்றைப் பரவலாக்கியவர் வில்லியம் கிரிஃபிஸ். ஜப்பானில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர். 1882-இல் நூல் வெளியிட்டபோது அவர் கொரியாவில் கால் வைத்ததே இல்லை. நூலின் தலைப்பிலேயே கொரியாவை ஒதுங்கி வாழும் துறவி நாடு என்று அழைத்தார். அந்த முத்திரை ஒரு நூற்றாண்டுக்கு ஒட்டிக்கொண்டது. இன்றும் செய்தித்தாள்களில் தலைகாட்டுகிறது. ஜோசன் ஆண்டுதோறும் பலமுறை சீனத்துக்குத் தூதுக்குழு அனுப்பியது. 1607 முதல் 1811 வரை ஜப்பானுக்கு 12 பெரிய தூதுக்குழுக்கள் போயின. பூசானில் ஜப்பானிய வணிகர்கள் தங்கி வியாபாரம் செய்யத் தனி வளாகமே இருந்தது. ஐரோப்பியருக்குக் கதவு திறக்காததை, உலகத்துக்கே திறக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

அதன் பிறகு சியோலிலேயே வாழ்ந்த மிஷனரிகள் வந்தார்கள். ஜேம்ஸ் கேல், ஹோமர் ஹல்பர்ட் இருவரும் முக்கியமானவர்கள். ஹல்பர்ட் 1905-இல் கொரிய வரலாறு ஒன்றை எழுதினார். தமிழ் வாசகர்கள் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு, கீழே வருகிறேன்.

பெண்களின் பங்கு, அடிமைகளின் எண்ணிக்கை

பல்கலைக்கழக ஆய்வு என்று சொல்லத்தக்கது 1950-களின் இறுதியில் ஹார்வர்டில் எட்வர்ட் வாக்னர் கற்பிக்கத் தொடங்கியதிலிருந்து வளர்கிறது. அவர் கேட்ட கேள்வி நேரடியானது: ஜோசனில் அரசுத் தேர்வு எழுதி அதிகாரிகள் ஆனவர்கள் யார்? எந்தக் குடும்பத்தவர்கள்? ஐந்து நூற்றாண்டுகளில் உயர்நிலைத் தேர்வில் தேறிய சுமார் 14,600 பேரையும், கொரிய அறிஞர் சோங் ஜுன்ஹோவுடன் சேர்ந்து, ஒவ்வொருவராகத் தொகுத்தார். குலவரிசை ஏடுகளோடு ஒப்பிட்டார். தேர்வு எல்லாருக்கும் திறந்திருந்ததாகச் சட்டம் சொன்னாலும், வென்றவர்களில் பெரும்பங்கு குறிப்பிட்ட குலங்களிலிருந்தே வந்தார்கள் என்பது தெரிந்தது. பதவியில் யார் இருந்தார்கள், எந்தக் குலம், பிறப்பு எவ்வளவு தூரம் தீர்மானித்தது என்ற கேள்வி ஆங்கில ஆய்வில் இன்றுவரை ஓயவில்லை.

அவர் வழியில் வந்தவர் ஜேம்ஸ் பாலே, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியவர். 1996-இல் அவர் வெளியிட்ட நூல் 1,200 பக்கத்துக்கும் மேல். 17-ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் யூ ஹியோங்வோன் எழுதிய சீர்திருத்தத் திட்டங்களை எடுத்துக்கொண்டு, ஜோசன் அரசு எப்படி இயங்கியது என்பதை நிலவரி, படை, நாணயம், அடிமைமுறை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறது.

அவர் எதிர்கொண்ட விவாதத்தைச் சொல்லாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. ஜப்பான் கொரியாவை ஆண்ட காலத்தில், ஜோசன் தானாக வளர முடியாமல் தேங்கி நின்ற சமூகம் என்று ஜப்பானிய வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். ஆக்கிரமிப்புக்கு அது நியாயமாயிற்று. விடுதலைக்குப் பின் கொரிய அறிஞர்கள் அதை மறுத்து, 18-ஆம் நூற்றாண்டிலேயே வணிகமும் பெருவேளாண்மையும் வளர்ந்தன, முதலாளியத்தின் முளைகள் உள்ளிருந்தே தோன்றின, ஜப்பான் வந்துதான் அதைக் கெடுத்தது என்றார்கள். இதற்கு உள்வளர்ச்சிக் கோட்பாடு என்று பெயர். பாலே இதை ஏற்கவில்லை. அந்த முளைகளுக்கான சான்று போதாது என்றார். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம் பேர் பரம்பரை அடிமைகள், ஆகவே அது அடிமைச் சமூகமே என்றும் எழுதினார்.

கொரியாவில் பலருக்கு இது வலித்தது. அவர்களின் எதிர்வாதமும் லேசானது அல்ல: நோபி என்று அழைக்கப்பட்ட அந்த மக்களில் பலர் எசமானரின் வீட்டிலிருந்து விலகித் தனிக் குடும்பமாக வாழ்ந்தார்கள், ஆண்டுக் காணிக்கை செலுத்தினார்கள், சொத்தும் வைத்திருந்தார்கள். ஆனால் அவர்களை விற்கவும் வாங்கவும் முடிந்தது என்பதும் உண்மை. 1801-இல் அரசு தன் அடிமைகளில் பெரும்பாலோரை விடுவித்துப் பதிவேடுகளை எரித்தது. முறை முழுவதும் சட்டப்படி ஒழிந்தது 1894-இல். இந்த விவாதத்தில் என் சாய்வு பாலே பக்கம். தேசத்தின் பெருமையைக் காக்க அந்த 30 சதவீதத்தை ஓரமாக ஒதுக்கி எழுதும் வரலாறு, அந்த மனிதர்களுக்கு இரண்டாவது முறை செய்யும் அநீதி.

மார்ட்டினா டாய்க்லர் சுவிட்சர்லாந்துக்காரர். 1992-இல் வந்த அவருடைய நூல், கொரியா எப்படிக் கன்பூசிய நாடு ஆனது என்று கேட்கிறது. தொடர்களில் நாம் பார்க்கும் கொரியக் குடும்பம் – மூத்த மகனே எல்லாம், மருமகள் மாமனார் வீட்டில், மகளுக்குச் சொத்தில்லை – அது தொன்றுதொட்டு வந்தது என்றே நினைத்துக்கொள்கிறோம். கொர்யோ காலத்திலும் ஜோசனின் தொடக்கத்திலும் நிலைமை வேறு. மணமான ஆண் மனைவியின் வீட்டில் போய் வாழ்வது சாதாரணம். மகளுக்கும் மகனுக்கும் சொத்து சமபங்கு. 1485-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தொகுப்பே அப்படித்தான் சொல்கிறது. முன்னோர் சடங்கை உடன்பிறந்தவர்கள் முறைவைத்துச் செய்தார்கள், மகள்களும் சேர்த்து.

இதற்குக் கண்முன் நிற்கும் ஆதாரம் ஒன்று உண்டு. தென்கொரியாவின் 5,000 வோன் நோட்டில் இருக்கும் தத்துவ அறிஞர் யி இ, கங்னுங் ஊரில் தன் தாயின் பிறந்த வீட்டில் பிறந்தவர். தாய் ஷின் சைம்தாங், ஓவியர். 50,000 வோன் நோட்டில் இருப்பவர் அவர். பெற்றோர் காலமானபின் யி இயும் உடன்பிறந்தவர்களும் 1566-இல் சொத்தைப் பிரித்துக்கொண்ட ஆவணம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. நான்கு மகன்கள், மூன்று மகள்கள், ஏறக்குறையச் சமமான பங்கு.

பிறகு இது மாறியது. ஓர் அரசர் ஆணையிட்டு ஒரே நாளில் மாறவில்லை. கன்பூசிய அறிஞர்கள் சீன நூல்களிலிருந்து எடுத்த குடும்ப மாதிரியை வற்புறுத்த, நிலம் துண்டாகிக்கொண்டே போனதும் அதோடு சேர, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில்தான் மகள்கள் சொத்திலிருந்தும் சடங்கிலிருந்தும் வெளியே தள்ளப்பட்டார்கள். “மரபு” என்று சொல்லி நிறுத்தப்பட்ட ஒன்றுக்குத் தேதி போட்டுக் காட்டியது இந்த ஆய்வு. ஆங்கிலத்தில் வந்த கொரிய வரலாற்றில் ஒன்றே ஒன்றைப் படிக்கலாம் என்றால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

இதே போல ஜான் டங்கன் 2000-இல் ஒரு பாடநூல் கதையைக் கலைத்தார். 1392-இல் கொர்யோ வீழ்ந்து ஜோசன் வந்தபோது, பழைய பிரபுக்களைத் தள்ளிவிட்டுப் புதிய படித்த வகுப்பு ஆட்சிக்கு வந்தது என்பது கொரியாவில் பரவலான விளக்கம். டங்கன் பதவிப் பட்டியல்களை அலசி, கொர்யோவின் பெரிய குடும்பங்களே ஜோசனிலும் பெரும்பாலும் தொடர்ந்தன என்று காட்டினார். அரச குலம் மாறியது, மேல்தட்டு அவ்வளவாக மாறவில்லை.

இருட்டாக இருக்கும் பகுதிகள்

நான் சொன்ன எல்லாமே ஜோசனைச் சுற்றியே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கில ஆய்வின் பாரம் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. காரணம் ஆவணங்கள் எரிந்த கதை.

1592-இல் ஜப்பானின் ஹிதேயோஷி கொரியா மீது படையெடுத்தார். சில்லோக்கின் படிகள் நான்கு இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. சியோல், சுங்ஜு, சோங்ஜு மூன்றும் எரிந்தன. நான்காவது ஜொன்ஜு ஊரில் இருந்தது. ஆன் உய், சோன் ஹோங்நோக் என்ற இரண்டு உள்ளூர் அறிஞர்கள் மற்றவர்களுடன் சேர்ந்து பெட்டி பெட்டியாக அதை நேஜாங் மலைக்குத் தூக்கிப்போய்க் காவல் காத்தார்கள். போருக்கு முந்தைய 200 ஆண்டு ஜோசன் வரலாறு நமக்குக் கிடைத்தது அவர்களால். கொர்யோவுக்கும் இப்படி ஒரு சில்லோக் இருந்தது. அதைத் தூக்கிப்போக யாரும் இல்லை; அதே போரில் அழிந்தது. எஞ்சியது, அதை வைத்து ஜோசன் அரசவை 1451-இல் தொகுத்த சுருக்க வரலாறு. தோற்றவர்களின் கதையை வென்றவர்கள் எழுதியது என்ற எச்சரிக்கையோடுதான் அதைப் படிக்க வேண்டும்.

ஆகவே கொர்யோ பற்றி ஆங்கிலத்தில் இருப்பது குறைவு, ஆனால் இருப்பது நல்ல தரம். 1170-இல் தொடங்கிய இராணுவ ஆட்சியைப் பற்றி எட்வர்ட் ஷுல்ட்ஸ், முதல் இரண்டரை நூற்றாண்டுகளின் அரசியல் அடையாளம் பற்றி ரெம்கோ பிரோய்க்கர், பௌத்த மடங்களுக்கும் அரசுக்கும் இருந்த உறவு பற்றி செம் வெர்மேர்ஷ். 1123-இல் கொர்யோ தலைநகருக்கு வந்த சீனத் தூதர் சூ ஜிங்கின் குறிப்புகளை வெர்மேர்ஷ் மொழிபெயர்த்திருக்கிறார். தலைநகரின் வாயில்கள், உடைகள், பாத்திரங்கள், பச்சைப் பீங்கான் எல்லாம் அதில் வருகின்றன.

பல்ஹேயின் நிலைமை மோசம். 698 முதல் 926 வரை இருந்த அரசு, தன் வரலாற்றைத் தானே சொன்ன நூல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டு இளவரசிகளின் கல்லறைக் கல்வெட்டுகளும் சீன நூல்களில் வரும் பத்திகளும்தான் முதன்மையான எழுத்துச் சான்றுகள். தொல்லியல் இடங்களோ சீனா, ரஷ்யா, வடகொரியா என்று மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன.

இந்த வடக்குப் பகுதியில் அரசியலும் சேர்ந்துகொள்கிறது. 2002-இல் சீனா தொடங்கிய ஓர் ஆய்வுத் திட்டம் கோகுர்யோவைச் சீன வரலாற்றின் பகுதியாகக் காட்டியது. தென்கொரியாவில் கொந்தளிப்பு. 2006-இல் அங்கே வடகிழக்காசிய வரலாற்று அறக்கட்டளை உருவானது. அதன் நிதியுதவியுடன் ஹார்வர்டில் பண்டைய கொரியாவுக்கான ஆய்வுத் திட்டம் ஒன்று நடந்தது. ஹான் சீனப் பேரரசு கொரியாவின் வடமேற்கில் அமைத்த நிர்வாக மாவட்டங்கள் பற்றி அந்தத் திட்டம் 2013-இல் ஒரு நூல் வெளியிட்டது. தொல்லியல் ஆதாரம் தெளிவாக இருந்தும், அந்த மாவட்டங்கள் கொரிய மண்ணில் இருந்ததே இல்லை என்று சாதிப்பவர்கள் தென்கொரியாவில் கூச்சலிட்டார்கள். அரசியல்வாதிகள் சிலரும் சேர்ந்தார்கள். பின்னர் அந்த நிதி நின்றுபோனது. பண்டைய கொரியா பற்றி ஆங்கிலத்தில் முறையாக எழுதிவந்த மிகச் சில இடங்களில் ஒன்று இப்படி இல்லாமல் போனது பெரிய இழப்பு.

தமிழர்களுக்குப் பழக்கமான கதவு

தமிழ் இணையத்தில் கொரிய வரலாறு என்றால் பெரும்பாலும் ஓர் இளவரசியின் கதைதான். கடல் கடந்து போய் கயா அரசர் சுரோவை மணந்த ஹோ ஹுவாங்-ஓக். அவர் தமிழ்நாட்டுப் பெண் என்று உறுதியாக எழுதுகிறார்கள்.

இதற்கு ஆதாரம் சம்குக் யூசா என்ற நூல். அதைத் தொகுத்தவர் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்தத் துறவி இர்யோன். 11-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கராக் (சுரோவின் கயா அரசு) நாட்டுக் குறிப்பு ஒன்றைச் சுருக்கி அவர் சேர்த்திருக்கிறார். அதன்படி இளவரசி வந்த ஆண்டு கி.பி. 48, வயது 16, ஊர் அயுத. சம்பவம் நடந்ததாகச் சொல்லும் ஆண்டுக்கும் எழுதிய ஆண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகள். அயுத என்பது அயோத்தி என்று ஒரு சாரார், கன்னியாகுமரிப் பக்கத்து ஆய் நாடு என்று இன்னொரு சாரார். எதற்கும் சமகாலச் சான்று இல்லை. பௌத்தம் பரவிய பிறகு, அரச குலத்தைப் புத்தரின் நாட்டோடு இணைக்கும் ஆசையில் இந்தப் பெயர் சேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.

முன்னே சொன்ன ஹல்பர்ட், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலும் எழுதினார். இரண்டும் உறவுள்ளவை என்பது அவர் கருத்து. இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. நூறாண்டுக்கு முந்தைய அந்தக் கருத்தை நேற்று வந்த கண்டுபிடிப்பு போலப் பகிர்வதை நாம் நிறுத்தினால், கொரியாவைக் கொரியாவாகப் பார்க்கத் தொடங்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது

தேடும் முன் ஒரு நடைமுறைச் சிக்கலைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரே கொரியப் பெயருக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 1930-களில் மக்கியூனும் ரைஷாவரும் வகுத்த முறையை ஆய்வு நூல்கள் பலவும் இன்னும் பின்பற்றுகின்றன. தென்கொரிய அரசு 2000-இல் வேறொரு முறையை அறிவித்தது. பழைய முறையில் பெக்ஜே P எழுத்தில் தொடங்கும், புதியதில் B எழுத்தில். கொர்யோவும் ஜோசனும் அப்படியே. கொரிய எழுத்து தமிழைப் போலவே இந்த இரண்டு ஒலிகளுக்கும் ஒரே குறியைப் பயன்படுத்துவதால், நமக்கு இது புரிவது எளிது. நூலகத்தில் இரண்டு வடிவத்திலும் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதி நூல்கள் கண்ணில் படாது.

முழு வரலாற்றுக்கு லீ கி-பைக் எழுதி வாக்னர் 1984-இல் மொழிபெயர்த்த பொது வரலாறு. சற்றுப் பழையது, ஆனால் எலும்புக்கூடு உறுதியானது. மூலங்களின் சுவைக்கு பீட்டர் லீ தொகுத்த இரண்டு மூலத்தொகுப்புகள். பெக்ஜே பற்றி ஜொனாதன் பெஸ்ட் 2006-இல் எழுதிய நூலில், 1145-இல் கிம் பூசிக் தொகுத்த சம்குக் சாகியின் பெக்ஜே பகுதி குறிப்புகளோடு முழுமையாக இருக்கிறது.

ஆனால் முதல் புத்தகமாக எதை எடுப்பது என்றால், ஹியேக்யோங் சீமாட்டியின் நினைவுக் குறிப்புகள். ஜாஹியூன் கிம் ஹபூஷ் 1996-இல் மொழிபெயர்த்தது. 1762 கோடையில் அரசர் யோங்ஜோ தன் மகன் சாதோவை அரிசிப் பெட்டிக்குள் அடைத்துச் சாகவிட்டார். மகனுக்கு மனநிலை பிறழ்ந்திருந்தது, அவர் ஆட்களைக் கொன்றிருந்தார். எட்டு நாள் கழித்து அவர் இறந்தார். அவருடைய மனைவிதான் ஹியேக்யோங் சீமாட்டி; 1795 முதல் 1805 வரை நான்கு முறை அமர்ந்து இதை ஹங்குலில் எழுதினார். முதலாவதில் கணவரின் மரணத்தைத் தொடக்கூட அவரால் முடியவில்லை. நான்காவதில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். சில்லோக் ஆண்கள் எழுதிய அரசவை; இது அதே சுவர்களுக்குள் இருந்த பெண் எழுதியது. நான்கையும் எழுதிய வரிசையிலேயே படியுங்கள்.